எட்டாவது சார்ட்

இந்தியக் கால்பந்தாட்டம் விஞ்ஞான யுகத்துக்குள் காலெடுத்து வைத்தது 1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதின்மூன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கப்பலடிவலசை போர்டு ஹைஸ்கூல் மைதானத்தில். டிரில் மாஸ்டர் நாகநாதன் தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். அன்று பந்து மட்டும் இல்லை.

பந்து தலைமையாசிரியர் மீரா சாகிபின் அலமாரியில் இருந்தது. பிளாடர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்ததால் அது உருண்டையாக இல்லை. பழைய வருகைப் பதிவேடுகள் சரியாமல் இருக்க அவற்றின் மேல் பாரமாக வைக்கப்பட்டிருந்தது.

நாகநாதனுக்கு இது ஒரு குறையாகவே படவில்லை. மதராஸில் ஒரு வருஷம் தேகப்பயிற்சி படித்துச் சான்றிதழோடு வந்தவர் அவர். அங்கே அவர் வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தில் பந்து முதன்முதலாகத் தலைகாட்டுவதே நாற்பத்தோராம் பக்கத்தில்தான். அதற்கு முன்னால் நிற்பது எப்படி, மூச்சு விடுவது எப்படி, முழங்காலை எத்தனை பாகை மடக்குவது என்றெல்லாம் படத்தோடு போட்டிருந்தது. அதைப் பார்த்து அவர் ஏழு சார்ட்டுகள் வரைந்திருந்தார். முதல் சார்ட் நிற்பது. நாலாவது சார்ட் உதைப்பது. அதற்கு நாலு எண்ணிக்கை. ஒன்றில் பார்ப்பது, இரண்டில் காலைப் பின்னுக்கு இழுப்பது, மூன்றில் உதைப்பது, நாலில் பழைய நிலைக்குத் திரும்புவது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு விசில். ஏழாவது சார்ட்டின் தலைப்பு ‘பந்தைத் தன்வசம் வைத்திருத்தல்’. எட்டாவதற்கு அட்டை வாங்கியாகிவிட்டது, எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை.

அவருக்கு இதெல்லாம் வெறும் விளையாட்டுக் காரியம் இல்லை. வேலை தற்காலிகம், அடுத்த மார்ச் முப்பத்தொன்றோடு முடிந்துவிடும். ஜில்லாக் கல்வி அதிகாரி மனது வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் நிரந்தரம். உத்தரகோசமங்கையில் சேதுலட்சுமி என்ற பெண்ணை அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அய்யா பாக்குவெற்றிலை மாற்றும்போதே சொல்லிவிட்டார்: “மாப்ளையப் பத்திக் கொற இல்ல. ஆர்டர் வரட்டும், பந்தக்கால் ஊனுவோம்.” பிப்ரவரியில் ராமநாதபுரத்தில் பள்ளிகளுக்கிடையே ஆட்டம். அதிகாரி வருவார். நாகநாதனின் பந்தக்கால் அந்த மைதானத்தில்தான் ஊன்றப்பட வேண்டும்.

கப்பலடிவலசையில் அதற்கு முன்னால் கால்பந்து இல்லாமல் இல்லை. சாயங்காலமானால் கடற்கரையில் ஒரு கூட்டம் எதையோ உதைத்துக்கொண்டிருக்கும். கிழிந்த வலையைப் பந்தாகச் சுருட்டித் தார்க்கயிற்றால் இறுக்கிக் கட்டிய உருண்டை அது. நனைந்தால் ஒரு குழந்தையின் கனம் கனக்கும். ஒரு பக்கம் பதின்மூன்று பேர், மறு பக்கம் ஒன்பது பேர். அதில் ஏழு வயதுப் பயலும் உண்டு, மீசை நரைக்கத் தொடங்கிய, வள்ளம் ஓட்டும் தண்டலும் உண்டு. இரண்டு துடுப்பை நட்டால் கோல். ஒரு பக்கத்து எல்லை கடல். பந்து முழங்கால் தண்ணீரில் மிதந்தாலும் ஆட்டம் நிற்காது. நாகநாதன் வந்த புதிதில் ஒரு நாள் போய் முக்கால் மணி நேரம் நின்று பார்த்தார். ஒரு கோல்கூட விழவில்லை. ஒருவன் கோலுக்கு நேர் எதிரே போய், அடிக்கப் போகிறான் என்று பார்த்தால், பந்தைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். ‘நோக்கம் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே மெஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே பிந்திப் போனால் குழம்பு இருக்காது, ரசம்தான்.

மறுநாள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. கால்பந்துக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் கடற்கரையில் முறையற்ற ஆட்டம் ஆடி உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, மீறினால் நீக்கப்படுவார்கள். ராமநாதபுரம் போக பஸ்ஸும், போட்டுக்கொள்ள நீலச் சட்டையும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்த பையன்கள் அடங்கிப் போனார்கள். இவர்கள் இல்லாமல் மற்றவர்களுக்கும் ஆட்டம் சப்பென்று போய், மணல் வெறிச்சென்று ஆனது.

மூன்றாம் நாள் முருகேஸ்வரி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கடற்கரையில் கருவாடு காயப்போடுகிறவள். இடுப்பில் ஓலைப்பெட்டியோடு நேரே மைதானத்துக்கே வந்து நின்றாள். அப்போது பதினோரு பேர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“சாரு, ஒங்க படிப்பு ஒங்களோட. எனக்கு ஒரு பய வேணும்.”

“எதற்கு?”

“காக்கா வெரட்ட.”

நாகநாதன் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“எம் மணல்லதான வெளாடுறானுக, அதுக்கு வாடகை” என்றாள் அவள். “தெனமும் கச்சி பிரிச்சு பத்து நிமிசம் ஆடுவானுக. அதுல எவன் ஒண்ணுக்கும் ஆகாதவனோ அவன் கையில காக்காக் கம்பக் குடுத்து கருவாட்டுக்கிட்ட உக்கார வச்சிருவானுக. எங்க ஆத்தா காலத்துலருந்து இதான் நடப்பு.”

“அந்தப் பையனுக்கு அவமானமா இருக்காதாம்மா?”

“இருக்கும். மறுநா ஒழுங்கா வெளாடுவான்ல?”

நாகநாதன் பொறுமையாக விளக்கினார். தேகப்பயிற்சி என்பது இப்போது ஒரு சாஸ்திரம். அதில் தண்டனையோ ஏளனமோ கிடையாது. படிப்படியாகத்தான் ஏற வேண்டும். காக்கைக்கு அதில் இடமில்லை. முருகேஸ்வரி ஒற்றைக் காலில் நிற்கிறவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“ஏலே கனி, ஒங்க வாப்பா இதுக்காலே பள்ளிக்கொடம் அனுப்புனாக? கொக்குக்குப் பாடம் எடுக்கவா?”

கனி சிரித்ததில் கால் தரையில் பட்டது. அவனுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் கூட்டிப் போடப்பட்டது. முருகேஸ்வரி போகும்போது திரும்பி, “நல்ல பய கேக்கல சாரு. உதவாத பயலா ஒண்ணு குடுத்தாப் போதும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பயிற்சி ஒழுங்காக நடந்தது. ஆகஸ்டில் நாலாவது சார்ட்டுக்கு வந்தார்கள். விசிலுக்கு விசில் பதினோரு கால்கள் ஒன்றாகப் பின்னே போய், ஒன்றாக முன்னே வந்து, காற்றை உதைத்தன. மீரா சாகிபு ஜன்னல் வழியே பார்த்து, “மாஷா அல்லாஹ், ரயில் இஞ்சின் மாதிரி இருக்கு” என்றார். நவம்பர் மழையில் நாகநாதன் வகுப்பறைக்குள் சார்ட்டை மாட்டிப் பாடமாக நடத்தினார். டிசம்பரில் மதுரையிலிருந்து பிளாடர் வந்தது. அலமாரியிலிருந்து பந்து இறங்கி, காற்று ஏறி, உருண்டையானது. அதை ஒரு மேஜை மேல் வைத்து அதன் பாகங்களைக் காட்டினார். ஜனவரியில் பையன்கள் அதைத் தொட்டார்கள். ஏழாவது சார்ட்டை ஆட்டத்துக்கு முதல் நாள், பஸ் நிலையத்தில், வாயால் சொல்லி முடித்தார்.

ராமநாதபுரத்தில் எதிர்க்குழு உள்ளூர்ப் பள்ளிக்கூடம். பூட்ஸ் போட்ட பையன்கள். நடுவராக வந்தவர் மண்டபத்து ரயில்வே கார்டு ஒருவர். ஆட்டம் நாலே காலுக்கு ஆரம்பித்தது. பந்தைக் கப்பலடிவலசைதான் கொண்டுபோயிருந்தது. அதில் நாகநாதனுக்கு ஒரு பெருமை.

கனிக்குப் பந்து வந்தது. நாகநாதன் எல்லைக்கோட்டில் நின்று முதல் விசிலை ஊதினார். கனி பந்தைப் பார்த்தான். இரண்டாவது விசில். கனி காலைப் பின்னுக்கு இழுத்தான். அதற்குள் எதிர்ப் பையன் ஒருவன் வந்து பந்தைக் கொண்டுபோய்விட்டான். மூன்றாவது விசிலுக்குக் கனி உதைத்தான். நாலாவதுக்குப் பழைய நிலைக்குத் திரும்பினான். அந்த நேரத்தில் கோல் விழுந்தது.

இப்படியே நாலு கோல் விழுந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நாகநாதனிடம் வந்தார்.

“ஒரு வண்டிக்கு ரெண்டு கார்டு கிடையாது, சார்” என்று கையை நீட்டி, விசிலை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார்.

இடைவேளையில் பையன்கள் ஆரஞ்சுச்சுளையைத் தின்றுகொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு கோல் வாங்கிய முகம் ஒன்றில்கூட இல்லை. இது முதல் சார்ட்டிலிருந்து தாம் ஊட்டி வளர்த்த மன உறுதி என்று நாகநாதன் நினைத்தார். அப்போதுதான் கல்வி அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அதிகாரி சற்றுக் கண்ணயர்ந்துவிட்டதாக உடன் வந்தவர் சொன்னார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. விசில் வரவில்லை. பையன்கள் அசையாமல் நின்றார்கள். அந்த ஒரு நிமிஷத்தில், அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து உட்காருவதற்குள், ஐந்தாவது கோல் விழுந்தது. கனி எல்லைக்கோட்டைத் திரும்பிப் பார்த்தான்.

“ஏலே, சாரு விசில் போச்சுலே!”

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க, ரோட்டில் மாட்டுவண்டியை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்தார்கள். பந்து கனியின் காலிலிருந்து சின்னச்சாமியின் காலுக்குப் போனது. சின்னச்சாமி அதை ஒருவனின் காலிடுக்கில் விட்டு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டான். அங்கிருந்து ஹமீது சுல்தானுக்கு. தார்க்கயிற்று உருண்டையை ஈரமணலில் உருட்டிப் பழகிய கால்களுக்கு, கட்டாந்தரையில் தோல்பந்து பஞ்சாக இருந்தது. பூட்ஸ்காரர்கள் அதன் பின்னால் ஓடி ஓடி மூச்சு வாங்கினார்கள். கனி மூன்று பேரைத் தாண்டிக் கோலுக்கு நேர் எதிரே போனான். கூட்டம் எழுந்து நின்றது. கனி பந்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் வந்துவிட்டான்.

“அடிடா!” என்று நாகநாதன் கத்தினார்.

பத்து நிமிஷம் கழித்து ஹமீது சுல்தானும் அதையே செய்தான். நாகநாதன் மைதானத்தைச் சுற்றி ஓடி, தம் கோலுக்குப் பின்னால் போய் நின்றார். காவலுக்கு நின்ற தவசிக்கு வேலையே இல்லை. கம்பத்தில் சாய்ந்துகொண்டிருந்தான்.

“தவசி, ஏண்டா ஒருத்தனும் கோல் அடிக்க மாட்டேங்கிறான்?”

“இப்ப அடிச்சு என்ன செய்ய, சார்? பாங்குக்கு இன்னும் முழுசா ஒரு மணி நேரம் கெடக்கே.”

“பாங்குக்கும் பந்துக்கும் என்னடா சம்பந்தம்?”

தவசி அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். “பொழுது சாயையில பள்ளிவாசல்ல மக்ரிப் பாங்கு சொல்றதுக்கு முன்னாடி கடேசியா விழுகிற கோலுதான சார் கோலு? மத்ததெல்லாம் சும்மா. இப்பவே போட்டா பந்து அவங்கெ கைக்குப் போயிரும். பொறவு அதப் புடுங்கணும். எதுக்கு அந்த லோலு?”

“அவன் அஞ்சு போட்டிருக்கானேடா!”

“ஆமா சார். வெவரம் தெரியாத பயலுக. பாவமாத்தான் இருக்கு.”

“இது யாருடா உங்களுக்குச் சொன்னது?”

“யாரு சொல்லணும், சார்? எங்கனயும் அப்படித்தான? வேற மாதிரின்னா நீங்க சொல்லியிருப்பீகளே.”

நாகநாதன் யோசித்துப் பார்த்தார். எட்டு மாதம், ஏழு சார்ட். முழங்கால், மூச்சு, பந்தின் தையல் வரை சொல்லியிருந்தார். விழுந்த கோல்களைக் கூட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. புத்தகத்திலும் அது இல்லை. எழுதியவருக்கு அது சொல்ல வேண்டிய சங்கதியாகத் தோன்றியிருக்காது.

சொல்லித் திருத்த நேரமில்லை. நடுவர் நீண்ட விசில் ஊதினார். ஐந்துக்குப் பூஜ்யம். எதிர்க்குழுவில் பாதிப் பேர் கையை உயர்த்திக்கொண்டு வெளியே போனார்கள். கப்பலடிவலசைப் பையன்கள் போகவில்லை. பந்து அவர்களுடையது, வெயிலும் இருந்தது. ஆடிக்கொண்டே இருந்தார்கள். மிச்சமிருந்த எதிர்ப் பையன்களும் அன்றைக்கு ஒரு தடவையாவது பந்தைத் தொட்டுவிட்டுப் போகலாமென்று அவர்களோடு நின்றுவிட்டார்கள்.

கல்வி அதிகாரி நாகநாதனை நோக்கி வந்தார். நாகநாதனுக்கு உத்தரகோசமங்கை கண்ணுக்குத் தெரிந்து, மெல்ல மங்கிக்கொண்டு போனது.

“மிஸ்டர் நாகநாதன், நான் வந்ததிலிருந்து எதிர்த்தரப்பு பந்தைத் தொட்ட மாதிரியே தெரியவில்லையே. இது என்ன முறை?”

உண்மையைச் சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் போய்விட்டது.

“ஏழாவது சார்ட், சார். பந்தைத் தன்வசம் வைத்திருத்தல்.”

“அற்புதம். ஆனால் கோல் ஏன் போடவில்லை?”

“அது எட்டாவது சார்ட், சார். பாடம் இன்னும் அங்கே வரவில்லை.”

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். மைதானத்தைக் காட்டி, “ஆட்டம் முடிந்த பிறகும் பயிற்சியை விடவில்லை பாருங்கள், இதல்லவா கட்டுப்பாடு!” என்று உடன் வந்தவரிடம் சொன்னார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஆறே காலுக்குச் சற்று முன் கனி நிமிர்ந்து மேற்கே பார்த்தான். பந்தைச் சின்னச்சாமியிடம் தட்டி, திருப்பி வாங்கி, எதிரே நின்ற இரண்டு பேரையும் இரண்டு பக்கம் அனுப்பிவிட்டு உள்ளே போட்டான். பந்து கோலுக்குள் உருண்டு நிற்பதற்குள் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பதினோரு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு கூத்தாடினார்கள்.

பஸ் ஊருக்குள் நுழையும்போது கடைத்தெருவே காத்திருந்தது. ஜெயித்துவிட்டு வருகிறோம் என்று பையன்கள் ஜன்னல் வழியே கத்தினார்கள். மறுநாள் நாகநாதன் 0–5 என்று எழுதிய தாளைத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்தார். மீரா சாகிபு அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தாளை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

“அது கெடக்கட்டும் தம்பி. கடைசிக் கோல் யாரோடது?”

“கனி போட்டது, சார்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லி அரை நாள் விடுமுறை விட்டார்.

மார்ச் முதல் வாரம் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. ஏழாவது சார்ட் முறையை ஜில்லாவின் பதினான்கு டிரில் மாஸ்டர்களும் நேரில் பார்த்துக் கற்க வேண்டும். இருபதாம் தேதி தாமும் வருவதாகவும், செயல் விளக்கம் திருப்தியாக இருந்தால் நிரந்தர நியமன ஆர்டரை அங்கேயே கொடுப்பதாகவும் எழுதியிருந்தார். நாகநாதன் கடிதத்தை மூன்று தடவை படித்தார். அந்த முறை என்னவென்று அவருக்குத் தெரியாது. அதை எந்த எண்ணிக்கையில் ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியாது.

பள்ளி மைதானத்தில் கனியை நிறுத்தி, “அன்றைக்குச் செய்தாயே, அதை மெதுவாகச் செய்” என்றார். கனி மெதுவாகச் செய்தான். அது அதுவாக இல்லை. “மணல்லதான் சார் வரும். இங்கன நீங்க பாத்துக்கிட்டே நிக்கீக, காலு தானா எண்ண ஆரம்பிச்சிருது” என்றான். அறிவிப்புப் பலகையிலிருந்த தாளை நாகநாதன் யாரும் பார்க்காத நேரத்தில் கிழித்து எடுத்தார். அன்று மாலை குறிப்பேட்டோடு கடற்கரைக்குப் போனார்.

“நான் ஓரமாக நின்று பார்க்கிறேன். நீங்கள் ஆடுங்கள்.”

“சும்மா நின்னு பாக்க எடமில்ல சார்” என்றான் கனி பணிவாக. “மணல்ல கால வச்சா கச்சியில சேரணும்.”

நாகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கட்சியில் சேர்ந்தார். பத்து நிமிஷம் ஆடினார்கள். பந்து அவரிடம் மூன்று தடவை வந்தது. முதல் தடவை காலிடுக்கில் போய்விட்டது. இரண்டாம் தடவை அவர் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தபோது ஏழு வயதுப் பயல் ஒருவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் தடவை அவரே கடலில் விழுந்தார். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சார் ஆயிற்றே என்று யாரும் காக்காக் கம்பை எடுக்கவில்லை. முருகேஸ்வரிதான் கம்பை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள்.

“ஒரு பயலக் குடுங்கன்னு கேட்டேன். நீங்களே வந்துட்டீக.”

மறுநாளும் அவர்தான். அதற்கு மறுநாளும் அவர்தான். கருவாட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, ஒரு கையால் கம்பை ஆட்டிக்கொண்டு மறு கையால் குறிப்பெடுத்தார். முருகேஸ்வரிக்குத் திருப்தி. “படிச்சவுக படிச்சவுகதான். ஒரு துண்டு கொறையல” என்று ஊரெல்லாம் சொன்னாள்.

இருபதாம் தேதி அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டையும் விசிலுமாகப் பதினான்கு மாஸ்டர்கள் வந்தார்கள். செயல் விளக்கம் இயற்கைச் சூழலில் நடப்பதே விஞ்ஞானத்துக்குப் பொருத்தம் என்று சொல்லி நாகநாதன் எல்லாரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஏழாவது சார்ட்டை ஒரு வள்ளத்தில் சாய்த்து வைத்தார். மாஸ்டர்களும் பையன்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கலந்து ஆடலாம் என்று அதிகாரியே ஆசைப்பட்டார். பத்து நிமிஷம் ஆடினார்கள். கூடவே ஆடிய நாகநாதனின் காலில் பந்து ஒரு தடவைகூடப் படவில்லை. அப்புறம் முருகேஸ்வரி நடுவில் வந்து நின்றாள்.

“வாடகைய வச்சிட்டு ஆடுங்க.”

கனி நல்ல பையன். பதினான்கு மாஸ்டர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த தொந்திக்கார மாஸ்டர் ஒருவர் மேல் அவன் பார்வை ஆசையாக நின்றது. ஆனால் அவர் பந்தை ஒரு தடவை உதைத்திருந்தார்; எல்லாரும் பார்த்திருந்தார்கள். கனி தலையைக் குனிந்துகொண்டான். நாகநாதன் கம்பை வாங்கிக்கொண்டு கருவாட்டுப் பக்கம் போனார்.

“மிஸ்டர் நாகநாதன் ஏன் தனியே போகிறார்?” என்றார் அதிகாரி.

தவசி வாயைத் திறந்தான்.

“எட்டாவது சார்ட், சார்” என்று நாகநாதன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “ஆசிரியர் விலகி நின்று கவனித்தல்.”

“பிரமாதம்!” என்றார் அதிகாரி. வேர்த்து விறுவிறுத்து நின்ற பதினான்கு மாஸ்டர்களும் குறிப்பேட்டைத் தேடினார்கள்.

ஆட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. மாஸ்டர்கள் பந்தைத் தேடி ஓடினார்கள், கிடைக்கவில்லை. கோலும் விழவில்லை. அதிகாரிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பாங்குக்கு இன்னும் கால் மணி இருந்தது. அவர் பையிலிருந்து நீளமான பழுப்பு உறையை எடுத்துக்கொண்டு, கருவாட்டை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து நாகநாதனிடம் வந்து, வாழ்த்துச் சொல்லி நீட்டினார்.

நாகநாதன் ஆர்டரை இடது கையால்தான் வாங்கினார். வலது கையில் கம்பு இருந்தது.